வலது முழங்கால்

அவன் வலது முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆறு வாரமாக அப்படித்தான் உட்காருகிறான்.

மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று அவன் கேட்ட என்.ஓ.சி., கிளப் தரவேண்டிய ஆட்சேபனையில்லாச் சான்று. அது இல்லாமல் வேறு எந்தக் கால்பந்து அணியிலும் அவன் பெயரைப் பதிவு செய்ய முடியாது. பதிவுக்கு இன்றுதான் கடைசி நாள். மணி மூன்றரை ஆகிவிட்டது. ஐந்து மணிக்குமேல் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

மேசைக்கு அந்தப் பக்கம் கிளப் செக்ரட்டரி பாக்கியநாதன் இருந்தார். இந்தப் பக்கம், அவனுக்கு அருகில், பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய திம்மையா. தேசிய லீக்கில் ஆடும் அணியின் மேனேஜர். ஒப்பந்தப் பத்திரம் அவர் பையில் தயாராக இருந்தது.

அவனுக்கு வயது இருபத்தெட்டு. இதற்குமேல் யாரும் ரயிலேறி அவனைத் தேடி வியாசர்பாடிக்கு வரப்போவதில்லை. அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

பாக்கியநாதன் என்.ஓ.சி.யைத் திம்மையா பக்கம் நகர்த்தினார். கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் பக்காவாக இருந்தது.

திம்மையா படித்தார்.

மறுபடி முதலிலிருந்து படித்தார்.

வலது முழங்காலில் ஏற்பட்ட தீராத காயத்தின் காரணமாக இவரை விடுவிப்பதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதியிருந்தது. எலும்பு டாக்டரின் சான்றிதழையும் பின் அடித்துச் சேர்த்திருந்தார்கள்.

அவனே கொண்டுவந்து கொடுத்த சான்றிதழ்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், போகிறேன் என்று நேராகத்தான் கேட்டான். இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தம் இருக்கிறது, பொத்திக்கொண்டு ஆடு என்றார் பாக்கியநாதன். நடையாய் நடந்து பார்த்தான். அப்புறம்தான் இந்த லீக்கில் எல்லா ஆட்டக்காரனுக்கும் தெரிந்த அந்த வைத்தியத்துக்கு வந்தான். முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஆடாதவனை எந்தக் கிளப்பும் வைத்துக்கொண்டு அழாது, அவர்களே கழற்றி விட்டுவிடுவார்கள்.

கழற்றித்தான் விட்டார்கள். சொன்ன பொய்யையும் கூடவே கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள் என்று எந்த மகாராசனுக்கும் தோன்றவில்லை.

நடிப்பில் அவன் குறை வைக்கவில்லை. முட்டியில் பட்டை சுற்றினான். படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினான். குழாயடிக்கும் கடைக்கும் நொண்டியே போனான். வீட்டுக்குள்கூட நொண்டினான், ஏனென்றால் எதிர்வீட்டில் அவர்கள் அணியின் கோல்கீப்பர் குடியிருந்தான். வாசல்கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் தெரு அது.

இரண்டாவது காகிதம் கால்பந்து சங்கத்துக்கு எழுதிய புகார். காயம் என்று பொய் சொல்லி ஆறு ஆட்டங்களில் இறங்காமல் கிளப்பை ஏமாற்றினான் என்றிருந்தது. அதில் கையெழுத்து மட்டும் பாக்கி. அது போனால் ஒரு வருடம் தடை.

முட்டி கெட்டிருந்தால் முதல் காகிதம் மட்டும், நன்றாக இருந்தால் அதோடு இரண்டாவதும் போகும், நியாயம்தானே சார் என்று பாக்கியநாதன் திம்மையாவைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஏழு வருடமாக ஊரெல்லாம் என் பையன், என் பையன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். அவன் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

திம்மையா கண்ணாடியைக் கழற்றினார்.

"புகார எங்க வக்கீல் பாத்துக்குவாரு. முட்டிய யார் பாத்துக்கறது?" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "அந்த வாசல் வரைக்கும் நடந்து காட்டுப்பா."

அவ்வளவுதானா என்றிருந்தது அவனுக்கு. ஆறு வாரத்தில் முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. பொய்யன் என்று ஆகட்டும். பாக்கியநாதன் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். நடந்து காட்டினால் போதும், ராத்திரிக்குள் பெங்களூர்.

குனிந்து பட்டையை அவிழ்த்து மேசைமேலேயே போட்டான்.

எழுந்தான்.

வாசலுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்.

முதல் அடி வைத்தான். இரண்டாவது வைத்தான்.

மூன்றாவதில் வலது கால் இழுத்தது.

பழக்கதோஷம் என்று நினைத்து நின்றான். திரும்பி வந்து நாற்காலியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை காலைப் பார்த்துக்கொண்டே நடந்தான். முட்டி முழுதாக நிமிரவில்லை. உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. அரைக்கால் சட்டைக்குக் கீழே வலது தொடை இடதைவிடச் சிறுத்திருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

திம்மையா என்.ஓ.சி.யை மேசையில் வைத்துவிட்டிருந்தார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். ரயிலுக்கு நேரமாகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவன் தோளைத் தொடாமல் ஒதுங்கிப் படியிறங்கினார்.

கையெழுத்துப் போட்ட காகிதம் அங்கேயே இருந்தது. இனி அவன் எந்தக் கிளப்பிலும் இல்லை.

பாக்கியநாதன் எழுந்து வந்தார். புகார்க் காகிதம் அவர் கையில் கசங்கியிருந்தது. இத்தனை நாளில் இப்போதுதான் அவர் அவனை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"டேய், நெஜமாவே வலிக்குதாடா?"

"இல்லண்ணா," என்றான்.

பொய்யில்லை. துளிகூட வலிக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு, முதல் அடியிலிருந்து மறுபடி நடந்து பார்த்தான்.