சக்கரை போடாத காப்பி

"அம்மணிகிட்டத் தனியாப் பேசறீங்களா, மாப்ளே?" என்று கல்யாணத் தரகர் மாரீஸ்வரன் கேட்டார்.

"வேண்டாமுங்க" என்று முதலமடை மாப்பிள்ளை லோகேஷ் தலைகுனிந்தான்.

"முன்னப்பின்ன பார்க்காத பொண்ணு, கூச்சப்படறாருங்க" என்று பெண்ணின் அப்பா பூரித்துப்போனார்.

காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் வந்த மணப்பெண் சிவசங்கரிக்குச் சிரிப்பு பீறிட்டது. பொய் பேசி ஊரையே ஏமாற்றும் 'ஓநாய்' ஆட்டம் நடக்கிற இணையக் குழுமத்தில், அவளும் லோகேஷும் மூன்று வருடக் கூட்டாளிகள், ஒரு வருடக் காதலர்கள். அங்கே ஓநாயாக ஆடுகிறவர்கள் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு ரகசிய அறை உண்டு. முகம் தெரியாத அட்மின் மட்டும் அதை எட்டிப் பார்க்கலாம்.

கைப்பேசியை எடுத்து அந்த அறையில் எழுதினாள்: "எங்க ஊர் கொழிஞ்சாம்பாறையே ஏமாந்துருச்சு!"

உடனே அட்மினிடமிருந்து பதில் வந்தது. "ரெண்டு பேரும் நல்லா நடிச்சீங்க. ஆனா அம்மணி, என்ற காப்பிக்குச் சக்கரை போட மறந்துட்டீங்களே!"

பதறிப்போய்க் கூடத்தை எட்டிப் பார்த்தாள். தரகர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.