திரும்பும் தேதி

மாலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலோடு கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் சாய்ந்து விழுகிறது. கப்பல் கம்பெனியில் மாலுமிகளின் விவரங்களைப் பதியும் படிவத்துக்கு ப்ரோகிராம் எழுதியவள், ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். பச்சை எழுத்துகளுக்கு நடுவே, ‘திரும்பும் தேதி’ என்ற கட்டத்தில் கர்சர் விடாமல் துடிக்கிறது. “தேதி போடாம நகரவே மாட்டேங்குதுக்கா. கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி அங்கயே உக்காந்திருக்கு” என்கிறாள் பின்னால் நிற்கும் டைப் அடிக்கும் பெண். “எப்ப வருவாங்கன்னே தெரியாதவங்களுக்கு நான் என்னத்தப் போட? நேத்து ஒருத்தருக்கு என் பொறந்த நாளைப் போட்டு ஒப்பேத்திட்டேன்.” “நான்தான் அதைக் காலியா விடக்கூடாதுன்னு வச்சேன்” என்கிறாள் இவள். “ஏங்க்கா?” இவள் விசைப்பலகை மேல் குனிகிறாள். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கும் ஒற்றை வரியை அழித்துவிட்டுப் படிவத்தை மறுபடி ஓடவிடுகிறாள். சோதனைக்கு எப்போதும் அடிக்கும் பெயரையே விரல்கள் அடிக்கின்றன. பதினொரு மாதமாகக் கடலில் இருக்கும் கணவனின் பெயர். கப்பல் ஏறிய தேதி மனப்பாடம், அதையும் அடிக்கிறாள். அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டு எண்டரைத் தட்டுகிறாள். கர்சர் ஒரு நொடிகூடத் தயங்காமல் தாண்டிப் போய்விடுகிறது. “அப்பாடா, சரியாயிடுச்சு!” இவள் தோளைத் தட்டிவிட்டு அந்தப் பெண் தன் இடத்துக்கு ஓடுகிறாள். வெயில் மேசையை விட்டு இறங்குகிறது. இவள் கர்சரைப் பின்னுக்கு நகர்த்தி, அந்தக் காலிக் கட்டத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறாள்.