சாய்ந்த கதவு

“தூக்குங்க சார்... இன்னும் கொஞ்சம்... ஆங், அவ்வளவுதான்! அருமை சார்!”

ஸ்டூல் மேல் நின்ற போனுக்குள்ளிருந்து அந்தப் பெண் கைதட்டினாள். கணவன் பரிசு வாங்கிய பையன் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு நூல் அறுந்தது.

அவன் பஸ் டிரைவர். தோள் இறுகிப்போய், ஸ்டியரிங்கை வளைக்க முடியாமல் வீட்டில் இருக்கிறான். ஆஸ்பத்திரி தூரம் என்பதால் தினமும் காலையில் போன் வீடியோவிலேயே அந்தப் பெண் பிசியோதெரபி பயிற்சி கொடுக்கிறாள். தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் மனைவி மஞ்சள் துணித்துண்டுகளை ஊசியால் குத்திவிடுவாள். அவன் கையைத் தூக்க, கேமரா அந்த மஞ்சளைப் பிடித்துக்கொண்டு, கை எத்தனை டிகிரி ஏறியது என்று திரையில் எண்ணாகக் காட்டும்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள். “அந்த மேல்தட்டு டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்.”

“கை எங்க ஏறுது? வலி உயிர் போகுது.”

“அவ சொன்னா மட்டும் ஏறுதாக்கும்.”

“எவ?”

“ஒண்ணுமில்லை.” ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளே ஏறினாள்.

கல்யாண வீட்டுக்குக்கூட ரெண்டு நாள் தாடியோடு கிளம்புகிறவன், இப்போதெல்லாம் விடிந்ததும் ஷேவ் செய்துகொண்டான்.

“கையைத் தூக்கிக் காட்டறதுக்கு எதுக்குங்க இஸ்திரி போட்ட சட்டை?”

“கேமராவில தெரியுமில்ல.”

“தெரியும், தெரியும். எனக்கும் நல்லாவே தெரியும்.”

அடுத்த நாள் பயிற்சி முடிகிற நேரத்தில் அந்தப் பெண் சொன்னாள். “நூத்தம்பதைத் தொட்டுட்டீங்கன்னா சார், அப்புறம் நான் தினமும் வரத் தேவையே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை போதும்.”

மனைவி அந்த வார்த்தையை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

போனை ஸ்டூலில் நிறுத்துவது அவள் வேலை. ஒருநாள் ஸ்டூலில் கிடந்த வெட்டுத்துணி மேல் அதன் ஒரு முனை தெரியாமல் ஏறி நிற்க, எண் தானாகக் கூடியதை அவள் கவனித்திருந்தாள். இப்போது தெரிந்தே ஒரு துணியை மடித்து அந்த முனைக்கு அடியில் வைத்தாள். போன் துளி சாய்ந்தது. கை அதே உயரம்தான். எண் மட்டும் ஏறியது.

கணவன் சந்தோஷப்பட்டான். அவள் மடிப்பைக் கூட்டினாள். சீக்கிரம் தொட்டுத் தொலையட்டும், அந்தப் பெண்ணும் தொலையட்டும்.

நடுவில் ஒருநாள், அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கணவன் போனை நெருங்கிக் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் சிரித்தாள். இவள் தலையைக் கண்டதும் பேச்சு பட்டென்று நின்றது.

“என்ன ரகசியம்?”

“ரகசியமா? பிசியோதெரபி.”

மறுநாள் மடிப்பு இன்னும் தடித்தது. அதற்கு மறுநாள், நூற்றைம்பதைத் தாண்டியே தீர வேண்டும் என்று மடிப்பை இன்னும் கூட்டிப் போனை நிறுத்திவிட்டு, ஊசி டப்பாவை எடுக்க உள்ளே போய் வந்தாள்.

கணவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையைத் தூக்கினான். நெற்றி வியர்த்தது.

எண், நேற்றைவிடக் குறைவு.

அந்தப் பெண்ணோ எழுந்து நின்று கைதட்டினாள்.

குறைஞ்சதுக்கும் கைதட்டலா? இவள் ஊசி டப்பாவை டொக்கென்று மெஷின் மேல் வைத்தாள்.

“சார், நீங்க போய்ச் சட்டை மாத்திக்கோங்க. அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

அவன் உள்ளே போனான். இவள் மெஷினை விட்டு எழுந்து வந்து போன் முன்னால் நின்றாள். பேசட்டும், நாமும் நாலு வார்த்தை வைத்திருக்கிறோம்.

“அக்கா, உங்களுக்குப் பின்னாடி இருக்கிற கதவு போன வாரம் முழுக்க சாய்ஞ்சுக்கிட்டே வந்துச்சே, கவனிச்சீங்களா?”

இவள் சட்டென்று திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

“நான் முதல் நாளே பார்த்துட்டேன். கதவு எவ்வளவு சாயுதோ அதைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு வச்சேன். இல்லாட்டி அந்த எண்ணை நம்பி சாரை பஸ்ல ஏத்திவிட்டிருப்பேன்.”

“அது வந்து...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அக்கா. அன்னைக்கு நீங்க அடுப்படிக்குப் போனப்போ சார்கிட்ட கேட்டேன். அவருக்கும் தெரிஞ்சிருக்கு. ‘கண்ணாடியைப் பார்த்தே வண்டி ஓட்டறவன்மா நான், கதவு சாயறது தெரியாதா? நான் மனசு விட்டுடக் கூடாதுன்னு என் பொண்டாட்டி துணியை மடிச்சு மடிச்சு வைக்கிறா. நீ கண்டுக்காதே. அவளுக்காகவாவது ஒருநாள் நிஜமாவே தூக்கிக் காட்டணும்’னார்.”

இவள் ஸ்டூலைப் பார்த்தாள். போனுக்கு அடியில் துணி இல்லை.

“இன்னைக்கு நீங்க உள்ளே போனப்போ அவரே உருவிட்டார். நூத்தம்பதுக்குக் கொஞ்சம் குறையுது. ஆனா அத்தனையும் அவர் கை. இனிமே வாரத்துக்கு ஒரு தடவை போதும் அக்கா.” அந்தப் பெண் ஒரு கணம் தயங்கிச் சிரித்தாள். “எனக்கு உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்கு.”

உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுத்தான். “மேல்தட்டு டப்பாவை எடுத்துட்டேன், எங்கே வைக்கிறது?”

திரையில் கதவு நேராகத்தான் நின்றது. அவளால்தான் தலையைத் தூக்க முடியவில்லை.