நாற்பத்தொன்றாம் நாள் வகிடு

நீஷ் நகரத்து முடிதிருத்தகத்தில் என் பக்கத்து நாற்காலியில் தோப்ரிலா உட்கார்ந்திருக்கிறாள். கணவர் மிலோயே இறந்ததிலிருந்து, துக்க வழக்கப்படி, தலைக்குச் சாயம் பூசவில்லை. நாற்பதாம் நாள் சடங்கு நேற்றுதான் முடிந்தது. வகிட்டில் ஒரு சென்டிமீட்டர் வெள்ளை. அந்த அளவைச் சரியாகத்தான் கணித்தேனா என்று கண்ணாடியில் மறுபடி பார்க்கிறேன். கிண்ணத்தில் சாயம் கறுத்துக்கொண்டே வருகிறது. "கலந்தாச்சுக்கா, பூசட்டுமான்னு சீக்கிரம் சொல்லு. கடை வேலைக்கு இப்படியேவா போவ?" என்கிறாள் தூரிகையோடு நிற்கும் யாவொர்கா. "நேத்து அழுதா, இன்னிக்கு மினுக்கிட்டு வந்துட்டான்னு நாத்தனார் பேசுவாளேடி." "அவ தலையே என் சாயத்துலதான் ஓடுது, விடு." மூவரும் சிரிக்கிறோம், தோப்ரிலாவின் சிரிப்பு முதலில் நிற்கிறது. தூரிகை நெருங்கியதும் வகிட்டைக் கையால் மூடிக்கொள்கிறாள். "இந்தக் கறுப்பெல்லாம் அவர் கையால பூசிவிட்டது. நீ பூசிட்டா எது அவரோடதுன்னு தெரியாமப் போயிடுமே." யாவொர்கா கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்க்கிறாள். கறுப்பு நீர் சுழன்று இறங்குகிறது. தோப்ரிலா இன்னும் கையை எடுக்கவில்லை.