சுவரில் ஏறும் கோடு

ஊர்க்கோடியில் இருபத்து நான்கு வீடுகள் கட்ட அனுமதி கொடுத்தபோது திட்ட அதிகாரி அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று நாற்காலியில் இருந்தபடியே எழுதினார். அங்கே தண்ணீர் தேங்கும் என்று பக்கத்து நிலத்துக்காரர் கெடுவின் கடைசி நாளில் கொடுத்த ஆட்சேபணைக் கடிதத்தில், மறுநாள் தேதியைக் குத்தி, கெடு தாண்டிவிட்டதென்று ஒதுக்கிவைத்தார்.

நிறைவுச் சான்றிதழ் கொடுக்கத்தான் முதன்முதலாக அங்கே போனார். நல்ல கோடை. ஆறு மாதமாக ஒரு தூறல் இல்லை. சில வீடுகளில் ஏற்கெனவே ஆட்கள் குடியேறியிருந்தார்கள். முதல் வீட்டின் நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில் ஈரக்கோடு ஓடியது.

"போன வாரம் முட்டி வரைக்கும்தான் சார் இருந்துச்சு. இப்ப இடுப்புக்கு வந்துடுச்சு," என்றாள் வீட்டுக்காரி. "கொத்தனாரைக் கேட்டா பெயிண்டரைச் சொல்றார், பெயிண்டரைக் கேட்டா கொத்தனாரைச் சொல்றார்."

மற்ற வீடுகளிலும் டேப் வைத்து அளந்தார். உயரம் ஒரு நூல்கூட மாறவில்லை. திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"நீங்கதானே சார் இடத்தைப் பாத்துக் கையெழுத்துப் போட்டது? இங்க வெள்ளத் தண்ணி வருமா?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"வராதும்மா."

"அப்பாடா! பயந்துபோய்த் தொட்டிலை உத்தரத்துக்கிட்ட கட்டியிருக்கேன். பால் கொடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கு."

அவள் உள்ளே போய், தூங்கும் குழந்தையோடு தொட்டிலைக் கோட்டுக்குக் கீழே இறக்கிக் கட்டினாள். அவர் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.