ஜன்னல் கம்பியில் ஓர் ஆய்வகம்

பிப்ரவரி மூன்று, பிற்பகல், பன்னிரண்டாம் வகுப்பு அறை. பள்ளியில் வேதியியல் ஆய்வகம் இல்லை. செய்முறைத் தேர்வு நாளை, வேறொரு பள்ளியில். வகுப்பில் படிக்கும் நர்ஸின் மகள் கழுவிக் கொண்டுவந்த குளுக்கோஸ் பாட்டில் ஜன்னல் கம்பியில் குழாயோடு தொங்குகிறது. அதனுள் எலுமிச்சைச் சாறு. கீழே கண்ணாடி டம்ளரில் சலவைச் சோடா கலந்து சிவந்த மஞ்சள்தூள் நீர் வெயிலில் மின்னுகிறது. சொட்டுச் சொட்டாகச் சாறு விழ, கடைசி ஒரே சொட்டில் சிவப்பு மஞ்சளாக மாற வேண்டும். மூன்று முறையும் சொட்டுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால்தான் கை பழகியதாக அர்த்தம். இரண்டு முறை நாற்பத்தொன்று வந்தாயிற்று. நர்ஸின் மகள் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் குழாயின் சக்கரத்தை விரல்நுனியால் உருட்டுகிறாள்.

"மூச்சு விடாதீங்கடி, கை ஆடுது."

"நாங்க செத்துட்டா யாருடி எண்ணுவா?"

முப்பத்தொன்பது. நாற்பது. அடுத்த சொட்டு விழுகிறது. டம்ளர் முழுக்க மஞ்சள். அறை அதிர்கிறது. கணக்கு வாத்தியார் ஓடி வருகிறார்.

"என்ன கலாட்டா?"

"நாற்பத்தொண்ணு சார்!"

அவருக்குப் புரியவில்லை. அவள் நோட்டில் எண்ணை எழுதுகிறாள்.