மொட்டை மாடியில் சிக்னல் இல்லை

“மறுபடியும் போயிடுச்சும்மா” என்று ட்ரோனை மேஜைமேல் வைத்தார் மேனேஜர்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாளாகியும் தெருவுக்கு அவர் மேனேஜர்தான். போன வருஷம் புதிதாக வந்த ரிப்பேர் கடைக்காரிக்கு அதே தெருவில் ‘கேமராக்கா’ என்று பெயர். பழுது என்னவென்று தெரியாமல் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ட்ரோன் கொஞ்ச தூரம் போனதும் போனில் படம் உறைந்துவிடுகிறதாம். பிறகு சிக்னல் அறுந்து, அதுவே திரும்பி வந்துவிடுகிறதாம். வாங்கிய புதிதில் நன்றாகத்தான் போய்வந்து கொண்டிருந்ததாம்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. ஆப்பை அழித்துப் புதிதாகப் போட்டாயிற்று. கேபிளை மாற்றியாயிற்று. போன் நடுவில் வீட்டு வைஃபைக்குத் தாவுகிறதோ என்று அதையும் அணைத்துப் பார்த்தாயிற்று. கடை வாசலில் பறக்கவிட்டால் தெருக்கோடி வரை சமர்த்தாகப் போய்வருகிறது. அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போனால்தான் மக்கர் பண்ணுகிறது.

“உங்க மாடிக்கே வந்து பார்க்கட்டுமா சார்?”

“அதெல்லாம் வேண்டாம்” என்றார் வெடுக்கென்று. “இங்கேயே வெச்சுப் பாரும்மா.”

அந்த வெடுக்கில்தான் அவளுக்கு மூக்கில் வேர்த்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த மாடியில்?

அவர் போனதும் ட்ரோனிலிருந்த மெமரி கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். போனில் படம் நின்றுபோனாலும் ட்ரோனுக்குள் பதிவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். எந்த இடத்தில் இடக்குப் பண்ணுகிறது என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்து கிளம்பிய ட்ரோன் ரெண்டு தெரு தாண்டிப் போய், ஒரு மஞ்சள் கட்டடத்தின் மேல்மாடி பால்கனிக்கு எதிரே நின்றது. அங்கே ஓர் இளம்பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள்.

அடுத்த வீடியோவிலும் அதே பால்கனி, அதே பெண். அதற்கடுத்ததிலும் அவள்தான். பார்த்தவரையில் ஒன்றில்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைக்கு நேரே வண்டு மாதிரி இரைகிறதே, அந்தச் சத்தம்கூடவா காதில் விழவில்லை?

திரும்பி வந்து இறங்கும்போது ட்ரோன் மேனேஜரையும் படம் பிடித்திருந்தது. மொட்டை மாடியில் லிஃப்ட் அறையின் கான்கிரீட் சுவருக்குப் பின்னால், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார் மனிதர்.

பழுது பிடிபட்டுவிட்டது. அத்தனை கனமான சுவரை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த சிக்னல்தான் போய்ச்சேரும்? ஆனால் கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. ஊரான் வீட்டுப் பெண்ணைப் பார்க்கத்தான் இத்தனை பாடா? பார்த்தால் எவ்வளவு கண்ணியமான முகம். அதற்குத் தானும் கேபிள் மாற்றிக் கொடுத்தோமே என்று அவளுக்குக் கை கூசியது.

போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தாள். முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு நேரே மஞ்சள் கட்டடத்துக்கு நடந்தாள்.

வீடியோவில் பார்த்த பெண்தான் கதவைத் திறந்தாள். உள்ளே பாயில் குழந்தை படுத்திருந்தது.

கேமராக்கா தான் யார் என்பதைச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். “உங்க பால்கனிக்கு எதிர்ல ஒரு ட்ரோன் வந்து நிக்குதும்மா. தினமும் உங்களைப் படம் பிடிக்கிறாங்க.”

அந்தப் பெண் பதறவில்லை. “அது உங்ககிட்டயா இருக்கு? என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு பயந்துட்டே இருந்தேன். அவர் உடம்பு நல்லா இருக்குல்ல?”

“யாரு?”

“எங்கப்பா.”

அந்தப் பெண்ணே மெல்லச் சொன்னாள். அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணமாம். இனிமேல் உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர், பேத்தி பிறந்ததற்குக்கூட எட்டிப் பார்க்கவில்லையாம். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நாளில் இந்த ட்ரோன் வர ஆரம்பித்ததாம்.

“கிளம்பி வர்றது நான் வளர்ந்த மாடியிலேர்ந்துதானே, எனக்குத் தெரியாதா? அது வர்ற நேரத்துக்குத்தான் பாப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கிட்டு வந்து நிப்பேன்.”

“அப்புறம் ஏன் நிமிர்ந்தே பார்க்கிறதில்ல?”

“பார்த்தா கூச்சப்பட்டு வராம இருந்துடுவார் அக்கா. ஒரு நாள் மறந்துபோய் நிமிர்ந்து சிரிச்சுட்டேன். வெட்டவெளியில நின்னுட்டிருந்தவர், அன்னிலேர்ந்து எங்கேயோ மறைஞ்சு உட்கார்ந்துக்கறார். ட்ரோனும் வந்ததும் வராததுமா திரும்பிப் போயிடுது.”

“லிஃப்ட் அறைச் சுவருக்குப் பின்னாடி” என்றாள் கேமராக்கா. “அதுதான் பழுதே. சுவரை விட்டு வெளியே வந்து நின்னா எல்லாம் சரியாயிடும்.”

அந்தப் பெண் குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“எப்படியாவது அவரை வெளியே வந்து நிக்கச் சொல்லுங்க. நான் இனிமே நிமிரவே மாட்டேன். பாப்பா குப்புற விழ ஆரம்பிச்சுட்டா, அவர் இன்னும் பார்க்கலை.”